வாதம் என்பது ஒரே நோயா?



இன்று நாம் மூட்டு வலியைப் பற்றியும் எலும்பு வலியைப் பற்றியும் பேசப் போகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள். மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அதில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் உணர்ந்தோம். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொண்டால் சில வீடுகளுக்காவது பயன்படும் என்று நம்புகிறோம்.

ஒரு பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பினாங்குக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். துணைக்குச் சில பாட்டிமார்களும் வந்தார்கள். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரை சேர்ந்து, ஜார்ஜ் டவுன் நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நடந்தோம். பழையவர்களுக்குப் பிட் ஸ்திரீட் என்றால்தான் தெரியும். அந்தச் சாலையின் ஒரு முனையில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்று நடந்தால் குவான் இன் அம்மனின் சீனக் கோயில். அப்பால் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். இன்னும் சற்றுத் தள்ளி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நான்கு வழிபாட்டு இடங்களையும் பார்த்துவர ஒரு கிலோமீட்டர் கூட நடக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு நாங்கள் அங்கே ஒரு செய்தி சொன்னோம். பினாங்கின் நாசி கண்டார் உணவை எல்லாரும் அறிவார்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் கறியையும் ஒரு கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். தோளில் சுமந்ததால்தான் அந்தப் பெயர். நம் ரப்பர்த் தோட்டங்களில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்த காண்டாக் கம்பும் அதே சொல்லில் பிறந்ததுதான். துறைமுகத்திலும் தோட்டத்திலும் இந்த நாட்டின் பாரத்தை நம்மவர்கள் தோளிலும் முதுகிலும் முழங்காலிலும் தாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பின்னால் ஒரு பாட்டி நடக்க முடியாமல் கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டதைக் கண்டோம். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அதன் பின் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். "என்ன பாட்டி, முடியலையா?" என்று கேட்டோம். "வாதந்தான் ஐயா. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. இப்ப என் மகளுக்கும் வந்திருச்சு. குடும்ப வாதம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் முடக்கத்தான் ரசம் என்றார். ஒருவர் தைலம் என்றார். மற்றொருவர் பக்கத்துத் தெருவில் சீன மருந்துக் கடை இருக்கிறது என்றார். பாட்டி சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சிறிய மாத்திரைகள். பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை. "இதைப் போட்டா ரெண்டு மணி நேரத்துல கால் பறக்கும் ஐயா" என்றார். லயத்துக்கு வந்து விற்கும் ஒருவரிடம் ஓராண்டாக வாங்கிச் சாப்பிடுகிறாராம்.

அந்தப் பாட்டியின் பேத்தி எங்கள் வகுப்பு மாணவி. பல மாதங்களாக அவள் தலை பின்னாமல், காலங்கடந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். நாங்கள் அவளைக் கண்டித்தோம். தாயாருக்குச் சீட்டும் எழுதி அனுப்பினோம். ஏன் பின்னவில்லை என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அன்று அந்த நடைபாதையில்தான் காரணம் தெரிந்தது. "மகளுக்குக் காலைல விரலை மடக்க முடியாது ஐயா. பிள்ளைக்குச் சடை பின்ன முடியலையேன்னு அழுவா. பத்து மணிக்கு மேலதான் கை வேலை செய்யும்" என்றார் பாட்டி. எங்களுக்கு நாணமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் தாயையும் மகளையும் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். அங்கே மருத்துவர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா? எவ்வளவு நேரம்?" பாட்டி, "எழுந்து நாலு எட்டு வச்சா சரியாயிரும், ஆனா நடக்க நடக்கத்தான் வலி" என்றார். மகளோ, "ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்; வேலை செய்யச் செய்யத்தான் கொஞ்சம் இலகுவாகும்" என்றார். விடைகள் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன. பிறகு செய்த சோதனைகளும் அதையே காட்டின. ஒரே வீடு, ஒரே பெயர். ஆனால் நோய் இரண்டு.

நேயர்களே, இன்றைய பேச்சின் சாரம் இதுதான். வாதம் என்பது நாம் வலிக்கு வைத்திருக்கும் ஒரு பொதுப் பெயர். அந்தப் பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. பெயர் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பாட்டியின் நோயைப் பார்ப்போம். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில், அவை உராயாமல் இருக்க வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே தேய்ந்தால் எளிதில் வளர்வதில்லை. வயது, உடல் எடை, பழைய அடி, ஆண்டுக்கணக்கில் குந்தி எழும் வேலை ஆகியவற்றால் அது நைந்து போகிறது. இதை மூட்டுத் தேய்வு என்கிறோம். முழங்காலில்தான் மிகுதியாக வரும். நடந்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். படி இறங்குவதும் தரையிலிருந்து எழுவதும் கடினமாகும். நாளடைவில் கால் வெளிப்புறமாக வளைவதும் உண்டு.

மகளின் நோய் தேய்வு அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய்த் தன் மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய் அது. முடக்குவாதம் என்பது அதன் பெயர். பெண்களுக்கே அதிகம் வரும். இளம் வயதிலும் வரும். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். களைப்பும் இருக்கும். கவனியாமல் விட்டால் மூட்டு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். கோணிய விரலை மாத்திரை நிமிர்த்தாது. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் நோயை அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை பலருக்கு முதலில் கொடுக்கப்படுகிறது. அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றவர்களும் கருவுற நினைப்பவர்களும் அதைச் சாப்பிடக் கூடாது. இரத்தச் சோதனையும் அவ்வப்போது தேவை. ஆகவே மருத்துவர் கண்காணிப்பில்தான் அது நடக்க வேண்டும். குடும்ப வாதம், வந்தால் வந்ததுதான் என்று மகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தால் கை போயிருக்கும்.

மூன்றாவது ஒரு வலியும் உண்டு. இரவு நன்றாகத் தூங்கப் போன மனிதர், நடு இரவில் கால் பெருவிரல் தீப்பட்டதுபோல் எரிய அலறி எழுவார். விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்காது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டில் ஊசி போன்ற துகள்களாகப் படிவதால் வருவது இது. கவுட் என்பார்கள். ஆண்களுக்கே அதிகம். பீர், சாராயம், ஆட்டு ஈரல், இனிப்புப் பானங்கள் இதைத் தூண்டும். வலி சில நாளில் தணிந்துவிடுவதால் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அமிலம் மிகுந்தே இருந்தால் நோய் திரும்பத் திரும்ப வரும். மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நாள்தோறும் சாப்பிட வேண்டியது. அதைத் தொடங்கியபின் உடலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடுத்து, நம் தோட்ட வேலையால் வரும் வலிகள். செம்பனைக் குலை வெட்டுபவர் நீண்ட கம்பைப் பிடித்து நாள் முழுதும் அண்ணாந்தே பார்க்கிறார். கழுத்தும் தோளும் நோகின்றன. ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும்; அதைக் குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மருந்து தெளிக்கும் பெண்கள் முதுகில் தோம்பைச் சுமக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால், சாதாரண முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது நல்லதன்று. வலி தாங்குமளவு நடமாடினால் விரைவில் குணமாகும். பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது; காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு கால்கள் மரத்துப் போவது, கால் வலுவிழப்பது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அடையாளம். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு நீடிக்கும் முதுகு வலி, முதுகெலும்பில் பிடித்த காசநோயாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வயதான தாய்மார்களுக்கு மற்றொரு ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதி வேகமாகக் குறைகிறது. வலி எதுவும் தெரியாது. குளியலறையில் ஒரு நாள் வழுக்கி விழும்போதுதான் இடுப்பெலும்பு முறிகிறது. அந்த நிலையில் எண்ணெய் போட்டுத் தடவி, மூங்கில் வைத்துக் கட்டி, கட்டிலில் கிடத்தினால், படுத்த படுக்கையாகிச் சளி பிடித்து, புண் விழுந்து இறந்து போவார்கள். அறுவை மூலம் எலும்பைப் பொருத்தி, கூடிய விரைவில் எழுந்து நிற்க வைப்பதே இன்றைய மருத்துவம். ஆந்திராவின் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது புகழ் பெற்றது. நம் நாட்டிலும் மலாய், சீனக் கட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கட்டானாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டுப் போட்டபின் விரல்கள் குளிர்ந்து, நீலம் பாய்ந்து, மரத்துப் போனால் இரத்த ஓட்டம் நிற்கிறது என்று பொருள். உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையையோ காலையோ எடுக்க நேரிடும்.

இனி, பாட்டியின் பொட்டலத்துக்கு வருவோம். மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்தார். முகம் உப்பி வட்டமாக இருந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருந்தன. மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். தேவையானவர்களுக்கு மருத்துவர் அளந்து கொடுப்பார். கணக்கில்லாமல் சாப்பிட்டால் வலியை மறைத்துக்கொண்டே எலும்பை உள்ளிருந்து மெலிய வைக்கும். இடுப்பு மூட்டின் பந்து எலும்புக்கு இரத்தம் போகாமல் செய்து அதைச் சாகடிக்கவும் கூடும். கால் பறக்கும் என்று பாட்டி சொன்ன மருந்து, காலின் எலும்பையே தின்றுகொண்டிருந்தது.

இதில் இன்னொரு எச்சரிக்கை. இதைக் கேட்ட உடனே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய அந்தச் சத்து இல்லாமல் மயங்கி விழலாம்; உயிரும் போகலாம். பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். வெட்கப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நம் நாட்டில் பதிவு செய்த மருந்தின் பெட்டியில் எம். ஏ. எல். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவெண்ணும் மின்னும் ஒட்டு முத்திரையும் இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்படியானால் மூட்டுத் தேய்வுக்கு என்ன மருத்துவம்? எலும்பு மருத்துவர் என்றாலே கத்தி எடுப்பவர் என்று நாம் பயப்படுகிறோம். உண்மையில் அறுவை கடைசிப் படிதான். முதல் படி உடற்பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். தொடைத் தசை வலுப்பட்டால் அது மூட்டின் பாரத்தைத் தாங்கும். இரண்டாம் படி எடை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாம் படி ஊன்றுகோல். வலது கால் வலித்தால் கோலை இடது கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தரையில் குந்துவதைக் குறைத்து, தாழ்ந்த முக்காலியாவது போட்டுக்கொள்ளலாம். முடக்கத்தான் ரசம் சாப்பிடுங்கள், உணவாக. அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

வலி மாத்திரைகளை அளவோடுதான் சாப்பிட வேண்டும். சில வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. அதுவும் வாதம் அன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, மெல்ல மெல்லப் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்குத் தோள் மீண்டும் இளகும்.

இவை எல்லாம் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி, வாசல் வரைகூட நடக்க முடியாத நிலை என்றால் மூட்டு மாற்று அறுவை உண்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1962இல் உலோகப் பந்தையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கொண்டு இடுப்பு மூட்டை மாற்றி வழி காட்டினார். முழங்காலுக்கும் இன்று அத்தகைய மூட்டு பொருத்துகிறார்கள். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்றிய முழங்கால் மூட்டுகளில் பத்துக்கு எட்டு, 25 ஆண்டுகளுக்குப் பின்னும் பழுதின்றி உழைக்கின்றன. அறுவைக்குப் பின் பயிற்சி செய்வது கட்டாயம். தொற்று, இரத்தக் கட்டி போன்ற ஆபத்துகளும் சிறிதளவு உண்டு. எல்லாவற்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

செலவுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும், வேலையால் நோய் வந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு; 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே வந்தது. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அடிபட்ட அன்றே மண்டோரிடம் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

பாட்டி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பொட்டல மாத்திரை படிப்படியாக நின்றுவிட்டது. வலி முழுதும் போய்விட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம்; வளைந்த கால் வளைந்தே இருக்கிறது. அறுவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அச்சம் இன்னும் தீரவில்லை. மகளுக்கு மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் விரல் வீக்கம் தணிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, மணி அடிக்கும் முன்பே அந்த மாணவி வகுப்பில் இருந்தாள். இரட்டைச் சடை, சற்றுத் தளர்வாகத்தான் பின்னியிருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறியிட்டோம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாராவது "வாதந்தான்" என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். காலையில் எவ்வளவு நேரம் விறைக்கிறது, எந்த மூட்டு, வீக்கம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் அந்தக் குழந்தையிடம் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் உங்கள் வீட்டில் கேட்கத் தவற வேண்டாம்.